வில்ட்ஷைர் விவசாயக் கூலிக் குடும்பம்: ஒரே பெயரில் இருவர், 1790க்கு முந்தைய காலத்துக்குப் போக வழி என்ன?

வேர்தேடி:

இங்கிலாந்தின் வில்ட்ஷைர். நிலமில்லாத கூலிக் குடும்பம். குலப்பெயரையும் ஊர்ப்பெயர்களையும் பொதுவில் போட வேண்டாம் என்று அ, ஆ, இ எனக் குறிக்கிறேன். கையில் இருப்பவை இவை:

1851 கணக்கெடுப்பில் வில்லியம், வயது 62, விவசாயக் கூலி, பிறந்த ஊர் அ. 1861இல் அதே ஆள், வயது 72, பிறந்த ஊர் ஆ என்று இருக்கிறது. இரண்டு ஊருக்கும் இடையே மூன்று மைல்தான். திருமணம் 1812இல் இ ஊர்க் கோயிலில் (தேவாலயத்தில்). மணமகன், மணமகள் இருவரும் ‘இந்தப் பங்கைச் சேர்ந்தவர்’ (பங்கு என்பது ஒரு கோயிலின் எல்லைக்குட்பட்ட பகுதி). கையெழுத்து இல்லை, சிலுவைக் குறி.

அ ஊரில் 1788 மே மாதம் ஜேம்ஸ், மேரி மகன் வில்லியமுக்கு ஞானஸ்நானம். ஆ ஊரில் 1790 ஜனவரியில் தாமஸ், ஆன் மகன் வில்லியமுக்கு ஞானஸ்நானம். குலப்பெயர் ஒன்றே. இணையத்தில் இருக்கும் ஐந்து குடும்ப மரங்களும் தாமஸ் மகன் என்கின்றன, ஒன்றிலும் காரணம் இல்லை. ஜேம்ஸ், மேரி திருமணம் அ ஊர் ஏட்டில் (கோயில் பதிவேட்டில்) கிடைக்கவில்லை. எப்படி முடிவு கட்டுவது?

பழைய ஏடு:

ஐந்து மரமும் ஒரே விடையைச் சொல்வது ஐந்து சாட்சி ஆகாது. ஒருவர் போட்டதை நாலு பேர் படியெடுத்திருப்பார்கள். அவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டு வில்லியமும் உங்கள் ஆளுக்குப் பொருந்துவதால், பொருத்தம் பார்த்து இதைத் தீர்க்க முடியாது. யாரை நீக்கலாம் என்று பாருங்கள். வயதை வைத்து நீக்க முடியாது. ஏட்டில் இருப்பது ஞானஸ்நானத் தேதி, பிறந்த தேதி அல்ல. கூலிக் குடும்பங்களில் ஒன்றிரண்டு வருடம் தள்ளிக் கொடுப்பதும், மூன்று பிள்ளைகளுக்கு ஒரே நாளில் கொடுப்பதும் சாதாரணம். 1790 ஜனவரியில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை 1788 கடைசியில் பிறந்திருக்கலாம்.

செய்ய வேண்டியது: அ, ஆ, இ மூன்று ஊர் ஏடுகளிலும் 1770 முதல் 1850 வரை அந்தக் குலப்பெயர் வரும் எல்லாப் பதிவையும் ஒரே அட்டவணையில் ஏற்றுங்கள். உங்களுக்குச் சம்பந்தமில்லை என்று தோன்றுவதையும் சேர்த்து. ஒரு பதிவுக்கு ஒரு வரி. ஏட்டில் உள்ளபடி தேதி, சடங்கு, பெயர், பெற்றோர், வசிப்பிடம், தொழில், கையெழுத்தா குறியா, ஏட்டின் பக்கம், மூல ஏட்டின் படத்தைப் பார்த்தீர்களா அல்லது பிறர் தயாரித்த பெயர் அட்டவணையை மட்டும் பார்த்தீர்களா. இந்தக் கடைசிக் கட்டத்தை விடாதீர்கள். பெயர் அட்டவணை தயாரித்தவர் ஒரு பக்கத்தைப் புரட்டாமல் விட்டிருந்தால் அந்தக் குழந்தை அதில் பிறக்கவே பிறக்காது. ஏட்டில் எந்தெந்த ஆண்டுகள் விடுபட்டுள்ளன என்பதையும் தனியாகக் குறியுங்கள்.

அடுத்து அடக்க ஏடு. பெரும்பாலானோர் ஞானஸ்நானம் கிடைத்ததும் அடக்க ஏட்டைத் தொடுவதில்லை, அதனால் இரண்டு வயதில் இறந்த குழந்தையைக் கொள்ளுத்தாத்தாவாக ஏற்றிவைக்கிறார்கள். ஒரு குழந்தை இறந்தால் அடுத்த குழந்தைக்கு அதே பெயரை வைப்பது வழக்கம். ஒரே பெற்றோருக்கு இரண்டு வில்லியம் வந்தால் முதல் வில்லியமை அடக்க ஏட்டில் தேடுங்கள்.

மைக்கறை:

பழைய ஏடு ஐயா சொன்ன அட்டவணைக்கு, எந்தக் காலத்து ஏட்டில் என்ன கிடைக்கும் என்பதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாததைத் தேடி நாள் போகாது.

1813 ஜனவரி 1 முதல் அச்சிட்ட படிவம். ஞானஸ்நானத்தில் பெற்றோர் பெயர், வசிப்பிடம், தகப்பன் தொழில் மூன்றும் உண்டு. அடக்கத்தில் வசிப்பிடமும் வயதும் உண்டு. அதற்கு முன் குருவானவர் மனம்போல எழுதியதுதான். ‘மேரி, ஜானின் மகள்’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும், அடக்கத்தில் பெரும்பாலும் வயதே இருக்காது. திருமணத்துக்கு 1754 மார்ச் 25 எல்லைக்கோடு. அன்று நடைமுறைக்கு வந்த ஹார்ட்விக் திருமணச் சட்டத்துக்குப் பிறகு ஓலையா (கோயிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) உரிமமா, இருவர் பங்கு எது, கையெழுத்து அல்லது குறி, இரண்டு சாட்சிகள் எல்லாம் வரும். தகப்பன் பெயர் 1837 ஜூலை 1க்குப் பிறகுதான்.

நம் ஊர்க் கோயில்களில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பதுபோல அங்கேயும் உண்டு. கூலிக்காரர்கள் காசு கொடுத்து உரிமம் வாங்குவது அரிது. மணமகனும் மணமகளும் வேறு வேறு பங்கு என்றால் இரண்டு கோயிலிலும் ஓலை வாசிக்க வேண்டும், ஆகவே ஓலை ஏட்டில் மற்ற ஊரின் பெயர் அகப்படும். ஓலை வாசித்ததால் மட்டும் திருமணம் நடந்தது என்று எழுதிவிடாதீர்கள். உங்கள் 1812 பதிவில் ‘இந்தப் பங்கு’ என்று இருப்பது, அவர் அப்போது அங்கே குடியிருந்தார் என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை.

கிளைவிழுது:

திருமணச் சாட்சிகளையும் பாருங்கள். சாட்சியின் குலப்பெயர் ஒத்துப்போனால் அண்ணனோ தம்பியோ என்று பிடித்துவிடலாம்.

மைக்கறை:

குலப்பெயர் ஒத்தால் சரி. ஒத்துப்போகாத சாட்சியை உறவினர் என்று நினைக்கும் முன், அதே பக்கத்திலும் அடுத்த பக்கத்திலும் அந்தப் பெயர் வருகிறதா என்று பாருங்கள். எல்லாத் திருமணத்திலும் வந்தால் அவர் கோயில் எழுத்தர், அங்கேயே இருப்பவர்.

ஒரே பெயர்க்காரர்களைப் பிரிக்கக் கையெழுத்து மிகவும் உதவும். ஒரு வில்லியம் சிலுவைக் குறி போட்டு, இன்னொரு வில்லியம் இரண்டு மூன்று இடத்தில் திடமாகக் கையெழுத்துப் போட்டிருந்தால் இருவரும் வேறு ஆள் என்று சொல்ல நல்ல ஆதாரம். தனியாக அது போதாது. எழுதத் தெரிந்தவரும் சில நேரம் குறி போட்டிருக்கிறார். கையெழுத்தை மூல ஏட்டில்தான் ஒப்பிட வேண்டும். பேராயருக்கு அனுப்பிய படியில் எல்லாம் ஒரே கையால் எழுதப்பட்டிருக்கும்.

வேர்தேடி:

பேராயர் படி என்பதைக் கொஞ்சம் விளக்க முடியுமா? அ ஊர் ஏட்டில் 1784, 1785 பக்கங்கள் ஈரம் பட்டுப் படிக்க முடியவில்லை.

பழைய ஏடு:

1538இல் தாமஸ் குரோம்வெல் உத்தரவால் ஒவ்வொரு பங்கும் ஏடு வைக்கத் தொடங்கியது. ஆரம்பத்தில் காகிதத்தில் எழுதினார்கள். 1598இல் பழையதைத் தோல் தாளில் படியெடுக்கவும், ஆண்டுதோறும் ஒரு நகலைப் பேராயருக்கு அனுப்பவும் உத்தரவு வந்தது. படியெடுக்கும்போது ‘குறிப்பாக எலிசபெத் அரசியார் ஆட்சிக்கு வந்த முதல் ஆண்டிலிருந்து’ என்று சொன்னதால், பல ஊர் ஏடுகள் 1558இல்தான் தொடங்குகின்றன.

அந்த ஆண்டு நகல்தான் பேராயர் படி. உங்கள் 1784, 1785க்கு அதுவே மருந்து. வில்ட்ஷைர் சாலிஸ்பரி மறைமாவட்டம். அதன் ஆவணங்கள் சிப்பனம் நகரில் உள்ள வில்ட்ஷைர் அண்ட் ஸ்விண்டன் ஹிஸ்டரி சென்டரில் இருக்கின்றன. ஒன்று கவனியுங்கள்: சில பங்குகள் பேராயரின் கீழ் வராமல் சாலிஸ்பரி கோயில் தலைமைக் குரு போன்றவர்களின் தனி அதிகாரத்தில் இருந்தன. அவற்றின் படிகள் வேறு தொகுப்பில் கிடக்கும். வழக்கமான தொகுப்பில் காணோம் என்றால் அழிந்துபோயிற்று என்று முடிவுகட்ட வேண்டாம்.

ஏடு நன்றாக இருந்தாலும் படியைப் பாருங்கள். ஏட்டில் விட்ட தாயின் பெயர் படியில் இருக்கும்; படியில் விட்டுப்போன குழந்தை ஏட்டில் இருக்கும். இரண்டும் முரண்பட்டால் இரண்டையும் அப்படியே எழுதிவையுங்கள்.

கிளைவிழுது:

அ ஊரில் ஜேம்ஸ் பிள்ளைகளின் ஞானஸ்நானத்தில் ஓரத்தில் ஆங்கில ‘பி’ (P) எழுத்து இருக்கிறதா? 1783 அக்டோபர் முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் முத்திரை வரி. ஏழைகளுக்கு விலக்கு உண்டு. விலக்குப் பெற்றவர் பெயருக்கு எதிரே ‘ஏழை’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் (pauper) முதல் எழுத்தைப் போடுவார்கள். வரி தொடங்குவதற்கு முந்தைய வாரங்களில் பல ஊர்களில் ஞானஸ்நானம் குவிந்திருக்கும். வரி இருந்த ஆண்டுகளில் சிலர் பிள்ளைக்கு ஞானஸ்நானமே கொடுக்காமல் விட்டு, 1794க்குப் பிறகு மொத்தமாகக் கொடுத்தார்கள். ஆகவே 1783இலும் 1795க்குப் பிறகும் தேடல் எல்லையை அகலமாக வையுங்கள்.

வேர்தேடி:

ஆம் அக்கா, 1788 வில்லியமுக்கும் 1786இல் ஆன் என்ற பெண்ணுக்கும் ‘பி’ இருக்கிறது. தாமஸ் பிள்ளைகளுக்கு இல்லை.

நாற்கரம்:

‘பி’ இருக்கிறது என்றால் பங்கு ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். ஏழைக் குடும்பத்தைப் பற்றி அதிகம் பேசுவது ஏழை நிவாரணக் காகிதங்கள்தான். சொத்துள்ளவருக்கு உயில் இருக்கும். கூலிக்காரரை யார் சோறு போட்டுக் காப்பது என்று இரண்டு பங்குகள் சண்டை போட்டதால் அவருடைய வாழ்க்கை எழுத்தில் ஏறியது. இவை கோயிலில் பூட்டிய மரப்பெட்டியில் இருந்ததால் ‘பங்குப் பெட்டி’ ஆவணங்கள் என்பார்கள். இன்று ஏடுகளோடு மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருக்கும்.

அடிப்படை இதுதான். ஒவ்வொருவருக்கும் சட்டப்படி ‘குடியுரிமைப் பங்கு’ ஒன்று உண்டு. உதவி தேவைப்பட்டால் அந்தப் பங்குதான் கொடுக்க வேண்டும். 1662 சட்டப்படி, ஆண்டு வாடகை 10 பவுண்டுக்குக் குறைந்த வீட்டில் புதிதாகக் குடிவந்தவரை 40 நாளுக்குள் புகார் கொடுத்துத் திருப்பி அனுப்பலாம். எந்தக் கூலிக்காரரும் 10 பவுண்டு வீட்டில் இருக்கவில்லை. 1795 வரை, உதவி கேட்காவிட்டாலும் ‘கேட்கக்கூடும்’ என்ற காரணமே போதும். உங்கள் ஜேம்ஸ் அந்தக் காலத்துக்குள் வருகிறார்.

தேட வேண்டிய காகிதங்கள் நான்கு.

முதலாவது குடியுரிமை விசாரணை. இரண்டு நீதிபதிகள் முன் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலம். எங்கே பிறந்தார், எந்த வயதில் எந்த விவசாயியிடம் வேலைக்கு நின்றார், என்ன கூலி, எத்தனை மாதம், எங்கே யாரை மணந்தார், எத்தனை பிள்ளைகள் என்று வரும். இதில் வேலை விவரம் ஏன் இவ்வளவு என்றால், மணமாகாதவர் ஒரு முழு ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்து முழு ஆண்டும் வேலை செய்தால் அந்தப் பங்கின் உரிமை கிடைக்கும். அதைத் தவிர்க்கவே சில விவசாயிகள் ஆண்டுக்குச் சில நாள் குறைவாக ஆளெடுத்தார்கள். அவராக எந்த உரிமையும் சம்பாதிக்கவில்லை என்றால் தகப்பனின் உரிமைப் பங்குதான் அவருக்கும். அப்போது ‘என் தகப்பன் இன்ன பங்கைச் சேர்ந்தவர்’ என்று வாக்குமூலத்திலேயே வந்துவிடும். ஒரே காகிதத்தில் ஒரு தலைமுறை பின்னே போய்விடலாம்.

இரண்டாவது வெளியேற்ற உத்தரவு. குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகளின் பெயரும் வயதும், எங்கிருந்து எங்கே அனுப்பினார்கள் என்பதும் இருக்கும். அனுப்பிய பங்கு, பெற்ற பங்கு இரண்டுக்கும் ஒவ்வொரு படி. ஒரு ஊர்ப் பெட்டி கரையான் தின்றிருந்தாலும் மற்ற ஊரில் கிடைக்கும். பெற்ற பங்கு எதிர்த்து மேல்முறையீடு செய்திருந்தால் காலாண்டு நீதிமன்ற ஆவணங்களில் மூன்றாவது சுவடும் உண்டு.

மூன்றாவது உரிமைச் சான்று. 1697க்குப் பிறகு, வேலைக்கு வெளியூர் போகிறவருக்குச் சொந்தப் பங்கு ‘இவர் எங்கள் ஆள், தேவைப்பட்டால் திருப்பி எடுத்துக்கொள்வோம்’ என்று எழுதிக்கொடுத்தது. இது இருக்கும் பங்கு குடிபோன பங்கு. எழுதிக்கொடுத்தது சொந்தப் பங்கு. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு தவறான ஊரில் தேடுகிறவர்கள் நிறைய.

நான்காவது பங்கின் ஏழை நிவாரண மேற்பார்வையாளர் கணக்கு. வாராந்திர உதவி, செருப்பு, சட்டைத் துணி, சவப்பெட்டி என்று வரி வரியாக இருக்கும். இதற்குப் பெயர் அட்டவணை அரிது, பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டும். ‘விதவை’ என்று ஒரு பெயர் தொடங்கும் வாரம் தெரிந்தால், கணவர் அடக்கத்தை எந்த மாதத்தில் தேடுவது என்று தெரிந்துவிடும்.

இந்தக் காகிதங்களில் பலவற்றுக்கு ஆள் பெயரோடு பட்டியல் உண்டு. இங்கிலாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் டிஸ்கவரி தேடலில் குலப்பெயரையும் ‘வெளியேற்றம்’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் (removal) போட்டால் மாவட்டக் காப்பகப் பட்டியல்களும் வரும். மூன்று நான்கு எழுத்துக்கூட்டல்களில் தேடுங்கள். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். முதலெழுத்து ‘ஹெச்’ இருப்பதும் இல்லாததும் அன்றன்றைக்கு மாறும்.

பழைய ஏடு:

நாற்கரம் சொன்னதோடு ஒன்று. திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை என்று ஏடு சொன்னால் அங்கேயே கதை முடிந்தது என்று நிறுத்திவிடாதீர்கள். அப்படிப் பிறந்த குழந்தைக்குப் பிறந்த பங்கின் உரிமை கிடைக்கும் என்பதால், தகப்பன் யார் என்று கண்டுபிடித்துப் பணம் வாங்குவதில் பங்கு அதிகாரிகள் தீவிரமாக இருந்தார்கள். தாயின் விசாரணை வாக்குமூலம், தகப்பன் எழுதிக்கொடுத்த ஜாமீன் பத்திரம் இரண்டும் 1834 வரை இருக்கும். குழந்தையின் நடுப்பெயர் ஒரு குலப்பெயர்போல இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வேர்தேடி:

மூன்று வாரத் தேடலின் நிலவரம்.

ஆ ஊர் வில்லியம் (தாமஸ் மகன்): 1814இல் ஆ ஊரிலேயே திருமணம், தெளிவான கையெழுத்து. 1815 முதல் 1830 வரை ஏழு பிள்ளைகள், எல்லாவற்றிலும் வசிப்பிடம் ஆ, தொழில் தச்சர். 1839இல் ஆ ஊரில் அடக்கம், வயது 49.

அ ஊர் வில்லியம் (ஜேம்ஸ் மகன்): 1791இல் ஒரு வெளியேற்ற உத்தரவு. ஜேம்ஸ், மனைவி மேரி, ஆன் வயது 5, வில்லியம் வயது 3. அ ஊரிலிருந்து ஒன்பது மைல் தள்ளி உள்ள ஈ ஊருக்கு. ஈ ஊர் ஏட்டில் 1785 பிப்ரவரியில் ஜேம்ஸ், மேரி திருமணம்.

மைக்கறை:

1839இல் அடக்கமானவர் 1851 கணக்கெடுப்பில் இருக்க முடியாது. தாமஸ் மகன் விலகிவிட்டார். 1837 ஜூலைக்குப் பிந்தைய மரணம் என்பதால் அரசுப் பதிவுச் சான்றிதழும் இருக்கும். அதை வாங்கி, தச்சர் என்ற தொழில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்; அந்த வயதில் அதே பெயரில் மூன்றாவது ஆள் இல்லை என்று அப்போது உறுதியாகச் சொல்லலாம்.

நாற்கரம்:

தாமஸ் மகன் விலகியதால் ஜேம்ஸ் மகன் தானாகச் சரியாகிவிட மாட்டார். ஈ ஊரில் 1791 முதல் 1812 வரை அடக்க ஏட்டைப் பாருங்கள், மூன்று வயதுப் பையன் அங்கே போய் இறந்தானா என்று. பிறகு ஈ, இ ஊர்களைச் சுற்றி ஐந்து மைல் வட்டம், அடுத்துப் பத்து மைல் வட்டம் என்று அதே குலப்பெயரில் 1785 முதல் 1792 வரை வேறு வில்லியம் ஞானஸ்நானம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஃப்ரீரெக், ஃபேமிலிசர்ச் என்ற இரண்டு இணையத் தளங்களும் இலவசம். ஒவ்வொரு ஊருக்கும் எந்த ஆண்டுகள் ஏற்றப்பட்டுள்ளன என்பதை முதலில் பார்த்து, ஏற்றாத ஊருக்கு மூல ஏட்டுக்குப் போங்கள். மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் சபைகளின் ஏடுகள் தனி. அரசிடம் ஒப்படைத்தவை லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசியக் காப்பகத்தில் ஆர்ஜி 4 (RG 4) வரிசையில் இருக்கின்றன. 1754 முதல் 1837 வரை குவேக்கர், யூதர் தவிர எல்லாரும் பங்குக் கோயிலில்தான் மணக்க வேண்டும், அதனால் கோயிலில் திருமணம் நடந்ததை வைத்து, பிள்ளைகளும் அங்கேயே ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று கொள்ள வேண்டாம்.

1861இல் ஆ ஊர் என்று வந்ததைப் பெரிதாக்காதீர்கள், மறைக்கவும் வேண்டாம். மூன்று வயதில் ஊரைவிட்டு அனுப்பப்பட்டவர் தன் பிறந்த ஊரைக் கேள்விப்பட்டுத்தான் அறிந்திருப்பார்.

கிளைவிழுது:

ஈ ஊரில் இன்னும் பின்னே போகும்போது நாட்காட்டியில் ஏமாற வேண்டாம். 1751 வரை ஆண்டு மார்ச் 25இல்தான் தொடங்கும். 1730 மே மாதம் திருமணம், 1730 பிப்ரவரியில் முதல் பிள்ளை என்று ஏட்டில் இருந்தால், அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1731. பிள்ளை திருமணத்துக்கு ஒன்பது மாதம் கழித்துத்தான் பிறந்தது. 1730/31 என்று இரண்டு ஆண்டும் போட்டு எழுதுங்கள். 1733க்கு முன் லத்தீன் வரலாம். ‘யாக்கோபுஸ்’ பெரும்பாலும் ஜேம்ஸ், ஜேக்கப் அல்ல. 1642 முதல் 1660 வரை உள்நாட்டுப் போரால் பல ஏடுகளில் ஓட்டை இருக்கும், அங்கே படியும் உதவாது.

வேர்தேடி:

ஈ ஊர் அடக்க ஏட்டில் 1791 முதல் 1812 வரை வில்லியம் இல்லை. ஆனால் 1803 நவம்பரில் ‘ஜேம்ஸ், ஏழை’ என்று ஒரு அடக்கம் இருக்கிறது, வயது இல்லை. இவர்தானா என்று எப்படி உறுதி செய்வது?

நாற்கரம்:

ஈ ஊர் மேற்பார்வையாளர் கணக்கில் 1803 அக்டோபர் முதல் 1804 ஈஸ்டர் வரை கேட்டு வாங்குங்கள். சவப்பெட்டிச் செலவு நவம்பரில் இருக்க வேண்டும். அடுத்த வாரங்களில் விதவை மேரிக்கு உதவி தொடங்கியிருந்தால் அவர்தான். 15 வயது வில்லியமை யாரிடம் வேலைக்கு விட்டார்கள் என்பதும் அதே பக்கங்களில் கிடைக்கலாம், ஆகவே ‘பையன்’ என்ற சொல் வரும் வரிகளையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். கணக்கு ஆண்டு ஈஸ்டரில் முடிந்து புது மேற்பார்வையாளர் வருவார். ஏடும் கையெழுத்தும் அங்கே மாறும் என்பதால் 1804 ஏட்டையும் சேர்த்தே கேளுங்கள்.